மைத்துனரின் செய்தி மண்டபம்

பவழத்துறையை மல்லப்ப ராயர் ஆண்ட காலத்தில், அரண்மனைக்குள் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாது. கருவூலத்தில் தெலுங்கு. குதிரை லாயத்தில் தக்கணி. துறைமுகத்தில் அரபு. யானைக் கொட்டாரத்தில் மலையாளம். சமையற்கட்டில் தமிழ்தான், ஆனால் பாதி வசவு.

ஓரிடத்துச் செய்தியை வாங்கி இன்னோரிடத்தில் சேர்க்க ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று ராஜா தீர்மானித்தார். பொறுப்பை யாரிடம் கொடுப்பது?

துறைமுகத்தில் மொழிபெயர்க்கும் துபாஷிகள் வந்தார்கள். "பாஷைக்கு ஒரு வாசல் வைப்போம், வாசலுக்கு ஒருவராக உட்காருவோம். சொல்பவர் தன் பாஷையில் சொல்லட்டும். கேட்பவருக்கு அவர் பாஷையில் போய்ச் சேரும்" என்றார்கள்.

ராஜாவின் மைத்துனர் தர்மாங்கதரும் வந்தார். "என் மண்டபம் எல்லா மொழிக்காரர்களுக்கும் பொருந்தும். செய்தியை சமஸ்கிருத சுலோகமாக எழுதிக் கொடுத்தால் போதும்!"

கேட்டீர்களா அநியாயத்தை? எல்லோரும் தங்களை மாற்றிக்கொண்டால் எல்லோருக்கும் பொருந்துமாம்! செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்ளச் சொல்வது போல இல்லை? ஆனால் அவையில் ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே. ராஜாவின் மைத்துனராயிற்றே! தலைகள் ஆடின. சிறிது காலம் நடத்திப் பார்க்கட்டும் என்று மண்டபம் அவர் கைக்குப் போனது.

ஒரு நாள் யானைப்பாகன் கோமன் மண்டபத்துக்கு ஓடிவந்தான். "கொம்பனுக்கு மதம் பிடிக்கப் போகிறது, ஊர்வலத்துக்குக் கூப்பிடாதீர்கள்" என்று மலையாளத்தில் கதறினான். மண்டபத்தார் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். சுலோகம் இல்லையாம். மறுநாள் ஊர்வலத்தில் கொம்பன் ராஜாவின் வெண்கொற்றக் குடையை மிதித்துத் துவைத்தது. ராஜா பல்லக்கிலிருந்து குதித்து ஓடியதை ஊரே பார்த்தது.

"செய்தி எதுவும் வரவில்லை. குற்றம் பாகனுடையது" என்றார் தர்மாங்கதர்.

"அவன் தலையை வாங்குங்கள்!" என்றார் ராஜா.

அவை ஆலோசகர் வடிவாம்பாள் எழுந்தாள். "மகாராஜா, கோமன் வந்து சொன்னான். மண்டபம்தான் வாங்கவில்லை."

"சுலோகமாகச் சொல்லியிருந்தால் வாங்கியிருப்போமே, அம்மணி!"

"சந்தம் அமையும்வரை மதயானை காத்திருக்குமா, ஐயா?"

தர்மாங்கதருக்கு முகம் சிவந்தது. "என் மண்டபத்தில் குறையே இல்லை. எங்கிருந்தும் என்னால் செய்தி அனுப்ப முடியும்!"

"யானைக் கொட்டாரத்திலிருந்து?"

"அங்கிருந்தும்தான்!"

"அப்படியானால் சோதித்துவிடலாம், மகாராஜா. இவர் அனுப்பிக் காட்டினால் கோமன் தலை போகட்டும். முடியாவிட்டால் கோமனும் பிழைக்க வேண்டும், மண்டபமும் துபாஷிகளுக்குப் போக வேண்டும்."

ராஜா சம்மதித்தார். அவையே கொட்டாரத்துக்குக் கிளம்பியது.

அங்கே செண்பகம் என்ற சாதுவான பெண் யானை தழை தின்றுகொண்டிருந்தது. வடிவாம்பாள் கண்ணைக் காட்டினாள். கோமன் மலையாளத்தில் ஒரு சொல் சொன்னான். அவ்வளவுதான். தும்பிக்கை நீண்டு தர்மாங்கதரின் இடுப்பை வளைத்துத் தூக்கியது.

"ஐயோ! இறக்குடா!"

"யாரும் அசையாதீர்கள்" என்றாள் வடிவாம்பாள். "மைத்துனர் ஐயா தன் செய்தியை முறைப்படி மண்டபத்துக்கு அனுப்புவார். மண்டபம் கோமனுக்கு அனுப்பும். சுலோகம் ஆகட்டும், ஐயா!"

"கஜேந்திர... மகா கஜேந்திர..." என்று ஆரம்பித்தார் மனுஷர். செண்பகம் லேசாக ஒரு குலுக்குக் குலுக்கியது. அடுத்த சொல் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"சந்தம் இடிக்கிறதே, ஐயா!"

"சந்தமாவது மண்ணாங்கட்டியாவது! தூக்கிப் போட்டுவிடும்! திஞ்சண்டய்யா! அரே, உதாரோ! கோமா, பொன்னு கோமா, தாழெ இறக்கெடா!" என்று தெலுங்கிலும் தக்கணியிலும் மலையாளத்திலும் இறக்கச் சொல்லி அலறினார்.

கருவூலத்தார் கைகொட்டினார்கள். லாயத்தார் விசிலடித்தார்கள். இந்த முறை செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போதும், இறக்கு கோமா. உன் தலை உனக்கே. மண்டபம் துபாஷிகளுக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வடிவாம்பாளிடம் நீட்டினார். "வேறு என்ன வேண்டும், கேள்."

"எனக்கு ஒன்றும் வேண்டாம், மகாராஜா. துபாஷிகளில் யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வாசலில் மைத்துனர் ஐயாவை உட்கார வையுங்கள். எல்லா பாஷையும் சுத்தமாக வருகிறது. செண்பகம் மட்டும் பக்கத்தில் நிற்க வேண்டும்."