மைக்கில் கூப்பிட்ட பெயர்

“சண்டை போட்டு வாங்கினேன் மேடம். வாங்கி என்ன பிரயோஜனம்? ஒரு புள்ளகூட அந்த ரூம் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேங்குது.”

அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் தணிகாசலம் சொன்னது, தன் பள்ளிக்கு வந்த மனநல ஆலோசகரைப் பற்றி. கல்வி அலுவலகத்துக்கு ஒன்பது தடவை நடந்து, மேஜையைத் தட்டி, “பக்கத்து ஸ்கூலுக்கு உண்டு, என் புள்ளைங்களுக்கு இல்லையா?” என்று மல்லுக்கட்டி வாங்கிய பணியிடம் அது.

கேட்டுக்கொண்டிருந்தவர் ரெஜினா. தலைமையாசிரியர்களுக்கான மூன்று நாள் பயிற்சியை நடத்த அரசு அனுப்பியவர். தணிகாசலத்தைவிட இருபது வயது இளையவர்.

“இந்தப் பொண்ணு எனக்கு என்னத்தக் கத்துக்கொடுக்கப் போகுது?” என்று முதல் நாள் முணுமுணுத்தவர்தான். இரண்டாம் நாள் டீ இடைவேளையில் அவரே தேடி வந்து நின்றார். வேறு வழி இல்லை.

“மாசக் கடைசிக்குள்ள யாரும் வரலைன்னா, தேவையில்லைன்னு எழுதி அந்தம்மாவ வேற ஸ்கூலுக்கு மாத்திடுவாங்க. எட்டு நாள்தான் இருக்கு.”

“பிள்ளைங்கள எப்படிக் கூப்பிடுறீங்க சார்?”

“காலையில பிரேயர்ல, மைக்ல. டீச்சருங்க லிஸ்ட் கொடுப்பாங்க. நான் பேர் வாசிச்சு, ஆலோசகரைப் போய்ப் பார்க்கவும்னு சொல்வேன். தெளிவா, ரெண்டு தடவை.”

ரெஜினா டீயைக் குடித்து முடித்தார்.

மணி அடித்தது. நாற்பது தலைமையாசிரியர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ரெஜினா மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

“தலைமையாசிரியர் தணிகாசலம், தன் மனக்கஷ்டத்தைச் சொல்லப் பக்கத்து அறைக்கு வரவும்.”

முப்பத்தொன்பது கழுத்துகள் திரும்பின.

ரெஜினா இரண்டாவது தடவையும் சொன்னார். தெளிவாக.

“என்ன சார், வீட்ல ஏதாவதா?” என்றது பின்வரிசை.

“நேத்தே நெனச்சேன். மூஞ்சியே சரியில்ல.”

“பாவம்யா, மனுசன் கத்துறதப் பார்த்து நல்லா இருக்கார்னு நெனச்சோம்.”

தணிகாசலத்துக்குக் காது சூடேறியது. எழுந்து நின்றார்.

“எனக்கு ஒரு கஷ்டமும் கிடையாது!”

அரங்கு சிரித்தது. ரெஜினா சிரிக்கவில்லை.

“சரிங்க சார்,” என்று பயிற்சியைத் தொடங்கிவிட்டார்.

மதியம்வரை மனுசன் கொதித்தார். அப்போதே கிளம்பியிருப்பார், சாயங்கால வருகைப் பதிவேட்டில் கையெழுத்து பாக்கி இருந்தது.

சாப்பாட்டுக்குச் சாம்பார் சாதம். சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு குழாய்கள். ஒன்றில் தணிகாசலம் நின்றார். எல்லோரும் போன பிறகு மற்றதில் ரெஜினா வந்து நின்றார்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடத்தான் தணிகாசலம் வாயைத் திறந்தார்.

ரெஜினா அவரைப் பார்க்கவில்லை. தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் ஓடியது.

“ஒன்பதாவதுல ஒரு பொண்ணு இருந்தா,” என்றார் தணிகாசலம்.

தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை.

“வசந்தமல்லின்னு பேரு. நல்லாப் படிப்பா. போன வருசம் திடீர்னு யார்கிட்டயும் பேசாம ஆயிட்டா. நான் கூப்பிட்டு நிக்கவச்சு, என்னடி பிரச்சினைன்னு கேட்டேன். எனக்கு இருக்கிறது இந்தத் தொண்டைதானே, இதுலதான் கேட்டேன். மறுநாள்லேர்ந்து ஸ்கூலுக்கே வரல.”

“ம்.”

“இப்ப மாமா ஊர்ல படிக்கிறாளாம். நல்லா இருக்காளாம். ஆனா அன்னிக்கு என்ன பிரச்சினைன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. பக்குவமாக் கேக்க ஒரு ஆள் இருந்திருந்தா… அதுக்குத்தான் ஒன்பது தடவை நடந்தேன். என் வீட்ல இருக்கறவகிட்டகூட இதச் சொன்னதில்ல மேடம்.”

அவர் தட்டு எப்போதோ சுத்தமாகிவிட்டது. இன்னும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

ரெஜினா குழாயை மூடினார்.

“காலையில கூப்பிட்டேன், நீங்க வரல. இப்ப நான் கூப்பிடவே இல்லையே சார்.”

தணிகாசலம் அவரைப் பார்த்தார். கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு, நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினாற்போல ஒரு மூச்சு விட்டார். ஈரக் கையோடு செல்போனை எடுத்து, தன் பள்ளி ஆலோசகர் பர்வீனை அழைத்தார்.

“அம்மா, இனிமே நான் மைக்ல யார் பேரையும் வாசிக்கப் போறதில்ல. நீங்களும் அந்த ரூம்ல உட்கார வேணாம். நாளைக்கு மத்தியானம் சத்துணவு முடிஞ்சு புள்ளைங்க குழாயடிக்கு வருவாங்கல்ல, நீங்களும் ஒரு தட்ட எடுத்துட்டு அங்க போங்க.”

“அங்க போய் என்ன சார் செய்யணும்?”

“தட்டைக் கழுவுங்க. மெதுவா.”