புகை வராத அடுப்பு

“புகை வெளியே வராத அடுப்பு எது, ஆசான்?”

இதைக் கேட்ட செழியனுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆசானுக்கு முப்பத்தாறு. பெயர் ரெஜினா. நெடுஞ்சாலை ஓரக் கொட்டகையில் பழைய இரும்பு டிரம்களை வெட்டி, இறைச்சியைப் புகையிலேயே வேகவைக்கும் அடுப்புகள் செய்கிறவள். அவளிடம் வேலை பழகியவர்கள் ஆசான் என்று கூப்பிடப்போய், அடுப்பு வாங்க வருகிறவர்களுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

அவள் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

“எதுக்குண்ணே அப்படி?”

“அபார்ட்மென்ட்.”

“அங்க கறி ஆகாதா?”

“ஆகாதுன்னு யாரும் வாயைத் திறந்து சொல்லல. லிஃப்ட்ல மூக்கைப் பொத்திக்குவாங்க.”

“நீங்க என்ன செய்வீங்க?”

செழியன் சொன்னார். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி ஆபீஸ் பையில்தான் வீட்டுக்கு வருகிறது. அடுப்பை மூட்டுமுன் ஜன்னல்களைச் சாத்திவிடுவார். வாசல்கதவின் அடியில் ஈரத்துண்டு. கூடத்தில் சாம்பிராணி.

“எங்க வீட்டுக்கு பக்தி ஜாஸ்தின்னு பேரு,” என்றார்.

ஆசான் சிரிக்கவில்லை.

“இப்ப எதுக்கு புது அடுப்பு?”

“போன மாசம் என் மக கேட்டா. ஏம்ப்பா, நாம திருடித் திங்கிற மாதிரியே திங்கிறோம்னு. எங்களுக்குன்னு தனியா ஒரு மொட்டைமாடி இருக்கு. அங்க வெச்சு சமைக்கலாம்னு பார்க்கிறேன்.”

“புகை வராம.”

“ஆமா.”

“திருட்டுக்கு நல்ல பூட்டாக் கேக்கறீங்க.”

செழியன் காதில் விழாதவர் போல வரிசையாக நின்ற அடுப்புகளைப் பார்த்தார். நின்ற வாக்கில் சில, படுத்த வாக்கில் சில. கரண்டில் ஓடும் அடுப்புகளையும் போனில் பார்த்துவைத்திருந்தார்.

“இதுல எதுல வாசம் அடங்கும்?”

ஆசான் ஒரு அடுப்பைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள். உப்பும் மிளகும் தடவிய நெஞ்சுக்கறி ஒரு துண்டைக் கையில் கொடுத்தாள். கொய்யா விறகைக் காட்டினாள்.

“அந்த மூலையில களிமண் இருக்கு. புகை வர்ற இடத்தையெல்லாம் நீங்களே அடைச்சுக்கங்க.”

செழியன் எதையும் பதமாகச் செய்கிறவர். மூடியின் விளிம்பை அடைத்தார். புகைபோக்கியின் வாயை அடைத்தார். நெருப்பு மூச்சுவிட அடியில் விரல் அளவு ஒரு துளை மட்டும் விட்டார்.

ஐந்து மணி நேரம் பக்கத்திலேயே இருந்தார். நூலளவு புகைகூட வெளியே வரவில்லை.

“பார்த்தீங்களா?”

“கெட்டிக்காரர்தான்,” என்றாள் ஆசான். “தெறங்க.”

கறி தார் பூசினதுபோல் மினுங்கியது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். நாக்கு மரத்துப்போனது.

“கசக்குது.”

“போக வழியில்லாத புகை கறியிலதான் படியும். முழுங்குங்க.”

“தொண்டையில இறங்கல.”

“பதினோரு வருஷமா இறங்குச்சே.”

அவர் துப்பினார். கோபம் தலைக்கேறியது.

“உங்களுக்கென்ன? ஊருக்கு வெளியே இருக்கீங்க. யார் வந்து கேக்கப்போறா?”

“ஊருக்கு வெளியே நான் ஆசைப்பட்டா வந்தேன்? இது நாலாவது இடம். மூணு இடத்துல வாசம் பிடிக்கலன்னு கிளப்பிவிட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. ஒவ்வொரு தடவையும் புகைபோக்கியை ஒரு அடி ஒசத்துனேன்.”

“கடைசியில துரத்திட்டாங்கல்ல?”

“துரத்துனாங்க. கறி ஒரு இடத்துலயும் கசக்கல.”

செழியன் எதுவும் வாங்காமல் பஸ் ஏறினார்.

வழியெல்லாம் ஒரே யோசனை. கதவடியில் வைக்கிற அந்தத் துண்டை நனைக்கச் சொன்னது யார்? எதிர்வீட்டுக்காரர் சொன்னாரா? இல்லை. குடியிருப்போர் சங்கத்தில் சொன்னார்களா? அதுவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் குழாயடியில் நின்று நனைத்தது, பிழிந்தது, மடித்தது எல்லாம் தன் கைதான். அந்தக் கையை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனார். படுத்த வாக்கில் இருந்த பெரிய அடுப்பைக் காட்டினார்.

“அதுல புகை ஏகத்துக்கு வரும்ணே.”

“வரட்டும்.”

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாடியில் நெருப்பு மூட்டினார். மனைவி ஜன்னலைச் சாத்தப் போனாள். “விடு,” என்றார். புகை நீலமாக மேலே ஏறி, காற்று தள்ளிய பக்கமெல்லாம் போனது.

பதினோரு மணிக்கு அழைப்புமணி அடித்தது. சங்கச் செயலாளர், கூடவே இரண்டு பேர். அவர்களை மாடிக்கே கூட்டிவந்தார்.

“என்ன சார் வாசம் இது?” என்றார் செயலாளர்.

செழியனின் நாவில் நாலைந்து பொய்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் பழகின பொய்கள்.

அவர் மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

“மாட்டுக்கறி சார். வேக இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். உக்காருங்க.”