தண்ணீரில் கலந்த தண்ணீர்

ஒரு பால் சங்கத்துக்குப் புதிதாகச் சோதனைக் கருவி வந்திருந்தது. மாடத்தி கொண்டுவந்த பாலைச் செயலாளர் சபாபதி அதில் ஊற்றினார். பத்து சதவீதம் தண்ணீர் என்று காட்டியது.

“கலப்படம்! இனி உன் பால் இங்க வரக்கூடாது. கருவி பொய் சொல்லாது!” என்று எல்லாரும் கேட்கக் கத்தினார்.

ஒற்றை எருமையை நம்பிப் பிழைப்பவள் அவள், பாவம். சாமியை நினைத்துக்கொண்டு, “ஐயா, வெறும் தண்ணிய ஊத்துனா நூறு காட்டுமா?” என்று கேட்டாள்.

“பின்னே? இதுகூடத் தெரியாதா!” என்று சிரித்தபடியே தண்ணீரை ஊற்றினார்.

கருவி நூற்றுப்பத்து என்று காட்டியது.

“அய்யய்யோ! தண்ணியிலயே பத்து பங்கு தண்ணி கலந்திருக்கே! எந்தக் களவாணிப்பய வேலை ஐயா இது?” என்றாள் மாடத்தி.

பால் ஊற்ற நின்ற வரிசையே சிரித்தது. சபாபதி கருவியைச் சரிபார்க்க அனுப்பிவிட்டு, மாடத்தியின் பாலைத் தன் கையாலேயே கேனில் ஊற்றினார்.