அண்டாவில் வைத்த கை

ஆற்றங்கரை மடத்துச் சமையற்கட்டில் ஒரு கட்டளை உண்டு. பந்திக்குப் போகும் அண்டாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து 'நமசிவாய' சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் சுட்டுக் கை தானாக விலகினால் பரிமாறலாம். முழுதாகச் சொல்ல முடிந்தால் ஆறிவிட்டது என்று பொருள். மறுபடி ஏற்றிக் கொதிக்கவிட வேண்டும். முன்பொரு திருவிழாவில் ஆறிய சாம்பாரைச் சாப்பிட்டுப் பாதிப் பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்ததிலிருந்து இந்த ஏற்பாடு.

அழகேசர் மடத்துக்குப் புதிது. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு முத்தாம்பிகை அம்மாளைவிட வயதில் மூத்தவர். தீட்சை கேட்டு அம்மாளை நச்சரித்துக்கொண்டிருந்தார். தேர்த் திருவிழாவன்று அம்மாள், "அண்டாவைத் தொட்டுப் பார்க்கிற வேலை இன்று உங்களுக்கு" என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தீட்சைக்கு முன்னால் வைக்கிற பரீட்சை என்றே முடிவு கட்டிவிட்டார்.

சாம்பார் வந்தது. கையை வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தெழுத்தையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்தார். கண்ணில் நீர் முட்டியது.

"முழுதாகச் சொல்லிவிட்டேன். அடுப்புக்குப் போகட்டும்."

"ஐயா, இப்பத்தானே இறக்கினேன்! கொதியே அடங்கலியே!" என்றார் சமையற்காரர் சோணாசலம்.

"கட்டளை கட்டளைதான்."

அடுத்து ரசம். அதற்கும் முழுதாகச் சொன்னார். அடுப்பில் சாம்பார் இருந்ததால் ரசம் ஓரமாகக் காத்திருந்தது. சாம்பார் மறுபடி வந்தது, மறுபடி அடுப்புக்கே போனது.

வெளியே பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஊரிலிருந்து நடந்தே வந்தவர்கள். சிலர் இலையில் வைத்த உப்பைத் தொட்டு நக்க ஆரம்பித்துவிட்டார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி பொறுக்கமாட்டாமல் எழுந்தே விட்டாள், பாவம்.

சோணாசலம் ஓடிப்போய் அம்மாளை அழைத்து வந்தார்.

அம்மாள், அடுப்பிலிருந்து மறுபடி இறக்கிய சாம்பார் அண்டாவில் கை வைத்தார்.

"நம... ஐயையோ!" கையை உதறிக்கொண்டு ஒரு குதி குதித்தார். "பரிமாறுங்கள், பரிமாறுங்கள்! அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லுங்கள்!"

பிறகு ரசத்தைத் தொட்டார். "நமசிவாய." கை அப்படியே இருந்தது. "இது ஆறிப்போச்சு. ஏற்றுங்கள்."

அழகேசருக்கு முகம் தொங்கிவிட்டது.

"அம்மா, சாம்பாருக்கும் நான் முழுதாகச் சொன்னேனே. உங்களால் பாதிகூடச் சொல்ல முடியவில்லையே?"

அம்மாள் அவருடைய சிவந்த கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தினார்.

"சாம்பாருக்கும் முழுதாகச் சொன்னீர்கள், ரசத்துக்கும் முழுதாகச் சொன்னீர்கள். அப்புறம் எது கொதிக்கிறது, எது ஆறியது என்று நான் யாரைப் போய்க் கேட்பேன்?"

அழகேசர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு வேறு யாரையாவது தொடச் சொல்லுங்கள், அம்மா."

"எதற்கு? நீங்களே தொடுங்கள்" என்று சிரித்தார் அம்மாள். "சுட்டால் மட்டும் கூச்சப்படாமல் கத்திவிடுங்கள். இலை முன்னால் பசியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு மந்திரத்தைவிட அதுதான் இனிமையாகக் கேட்கும்."