ஈ உட்காராத வலி

ஒரு காட்டில் கோடை வந்ததும் ஆறு வற்றிப்போனது. வெறும் மணல்தான் மிச்சம். மணலைத் தோண்டினால் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊறும். அதனால் விலங்குகள் எல்லாம் கூடி ஒரு சட்டம் போட்டன. தினமும் காலையில் முறை வைத்து எல்லாரும் தோண்ட வேண்டும். தோண்டாதவருக்குத் தண்ணீர் கிடையாது.

புண்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்கள் சும்மா வந்து குடிக்கலாம். ஆனால் புண் நிஜமா, நடிப்பா என்று யார் சொல்வது? அதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். அவர் ஒரு பச்சை ஈ.

"நான் உட்கார்ந்தால் அது புண்! நான் உட்காராவிட்டால் அது பொய்! ங்ஙொய்ய்ய்!" என்று பறந்துகொண்டே தீர்ப்புச் சொல்வார்.

அந்தக் காட்டில் செதிலாயி என்று ஓர் அழுங்கு இருந்தாள். அழுங்கு என்றால் எறும்புதின்னி. மூக்கு முதல் வால் நுனி வரை ஓடு ஓடாகச் செதில். மூன்று வருஷத்துக்கு முன்னால் பாறை ஒன்று சரிந்து அவளுடைய வலது தோளில் விழுந்தது. அடி ஆறிவிட்டது. வலி மட்டும் ஊருக்குப் போகாத விருந்தாளி மாதிரி அங்கேயே தங்கிவிட்டது. சில நாள் அது தூங்கும். சில நாள் எழுந்து உட்கார்ந்து தோளை மென்று தின்னும். எந்த நாள் எப்படி விடியும் என்று அவளுக்கே தெரியாது.

வலி தூங்கும் நாளில் செதிலாயி மூன்று பேர் வேலையை ஒருத்தியாகவே முடித்துவிடுவாள். அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

ஒருநாள் காலையில் அவளால் வலது கையைத் தூக்கவே முடியவில்லை. வாலில் தொற்றிக்கொண்டிருந்த குட்டி பாலுக்குச் சிணுங்கியது. பால் ஊற வேண்டுமானால் அவள் தண்ணீர் குடிக்க வேண்டும். நொண்டிக்கொண்டே தலைவர் மாசானத்திடம் போனாள். மாசானம் ஒரு காட்டெருமை. எதைச் சொன்னாலும் மூக்கால் ஒருதரம் ஊதிவிட்டுத்தான் சொல்வார்.

"அண்ணே, இன்னிக்கு என்னால தோண்ட முடியாது. தோள்ல உயிர் போகுது. முடியற அன்னிக்குச் சேர்த்துத் தோண்டிடறேன். ரெண்டு வாய் தண்ணி மட்டும் குடுங்க."

"புஸ்ஸ்! நேத்து மூணு ஆள் வேலை பார்த்தியே!"

"நேத்து வலி குறைச்சலா இருந்துச்சு."

"அதெப்படி நேத்து குறையும், இன்னிக்குக் கூடும்? வலின்னா அதுக்கு ஒரு ஒழுங்கு வேணாமா?"

"அதை நீங்க வலிகிட்டத்தான் கேக்கணும்."

"வாய் மட்டும் வலிக்கலை போலிருக்கு! புஸ்ஸ்! கூப்பிடுங்க ஈயாரை!"

ஈ வந்தது. செதிலாயியை மூன்று சுற்றுச் சுற்றியது.

"சீழ் இல்லை! ரத்தம் இல்லை! அட, ஒரு நாற்றம்கூட இல்லை! நான் உட்காருவதற்கு ஒரு முகாந்திரமும் இல்லை!"

"ஓட்டுக்கு உள்ளே வலிக்குதுங்க!"

"உள்ளே எனக்கு அதிகாரம் இல்லை! வலி வெளியே வந்தால் சொல்லியனுப்பு! ங்ஙொய்ய்ய்!"

தீர்ப்பு முடிந்தது. உடனே புத்தி சொல்ல ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.

"எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஓடினார், ஓடினார், சரியாப் போச்சு!" என்றது முயல்.

"எல்லாம் மனசுதான் அக்கா! என்னை மாதிரி கொஞ்சம் ஆடிப் பாரேன்!" என்றது மயில்.

செதிலாயி இரண்டையும் ஏற்கெனவே செய்து பார்த்தவள். ஓடியதில் காலும் சேர்ந்து வலித்தது. ஆடியதில் மானம் போனது. பல்லைக் கடிக்கலாம் என்றால் அழுங்குக்குப் பல்லும் கிடையாது. பேசாமல் குழியில் இறங்கி இடது கையால் தோண்ட ஆரம்பித்தாள்.

அப்போது சடையன் என்ற குரங்கு விந்தி விந்தி வந்தது.

"ஐயோ! அம்மா! முட்டி போச்சே! இனி நான் எந்த மரத்தில் ஏறுவேன்!"

ஈ பாய்ந்து போய் அதன் முட்டியில் உட்கார்ந்தது. பின்னாலேயே அதன் மச்சான், மாமன், பங்காளி என்று இருபது ஈக்கள் வந்து உட்கார்ந்தன.

"நிஜப் புண்! முதல் தரமான புண்!" என்றது ஈ.

மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "புஸ்ஸ்... பாவம்டா தம்பி! போய்த் தண்ணியைக் குடிச்சிட்டு நிழல்ல படு!"

சடையன் பக்கத்தில் வந்ததும் செதிலாயியின் மூக்கு விடைத்தது.

"சடையா! இது பலாப்பழச் சாறுதானே?"

"ஷ்ஷ்! சத்தம் போடாதே அக்கா! உனக்கும் ஒரு சுளை தர்றேன். ஓட்டு மேல தேய்ச்சுக்கோ. ஈயார் ஓடி வந்து உட்காருவார்!"

செதிலாயி குட்டியைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் கை நீண்டுவிட்டது. பிறகு மடக்கிக்கொண்டாள்.

"எனக்கு நிஜமாவே வலிக்குதுடா. நிஜத்தைச் சொல்றதுக்கு நான் எதுக்குப் பொய்யைப் பூசிக்கணும்?"

"அப்போ தோண்டு!" என்று சொல்லிவிட்டுக் குரங்கு நிழலுக்குப் போய்விட்டது.

பலாச்சுளை விஷயம் காட்டில் பரவ எத்தனை நாளாகும்? மறுநாள் முயலுக்குக் காலில் புண். அதற்கு மறுநாள் மயிலுக்குக் கழுத்தில் புண். பன்றிக்கு எங்கே தடவுவது என்று தெரியாமல் உடம்பெல்லாம் புண். ஈக்களுக்கு உட்கார்ந்து மாளவில்லை. எட்டாம் நாள் காலையில் குழியில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். காட்டிலேயே நிஜமாக வலித்த அந்த ஒருத்தி, வலிக்காத அத்தனை பேருக்கும் தண்ணீர் தோண்டிக்கொண்டிருந்தாள்!

நோயாளிகள் எல்லாம் வரிசையில் வந்து குடித்தார்கள். செதிலாயியின் முறை வந்தபோது சேறுதான் இருந்தது. போதாக்குறைக்குச் சடையன் நிழலில் படுத்தபடியே குரல் கொடுத்தான்.

"அக்கா! தண்ணி கலங்கலா இருக்கு! நாளைக்கு இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டு!"

செதிலாயிக்குச் சுரீர் என்றது. விறுவிறுவென்று கட்டெறும்புப் புற்றுக்குப் போனாள். எறும்புகள் அலறின.

"வந்துட்டாய்யா! நாக்கு நீளமானவ வந்துட்டா! உள்ளே போங்க, உள்ளே போங்க!"

"பயப்படாதீங்க. ஒரு மாசம் உங்க புற்றுப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன். எனக்கு ஒரு உதவி செய்யணும். ஆத்தங்கரை நிழல்ல நிறையப் பேர் பலாச்சாறு பூசிக்கிட்டுப் படுத்திருக்காங்க."

"பலாச்சாறா! எங்கே? எங்கே?"

அவ்வளவுதான்! கறுப்பு வரிசை ஒன்று ஆற்றங்கரைக்குப் புறப்பட்டது. சற்று நேரத்தில் நிழலில் ஒரே கூச்சல்!

"ஆ! கடிக்குது!"

முட்டி போன சடையன் ஒரே தாவில் மரத்து உச்சியில் இருந்தான். கால் போன முயல் கரையை நாலு சுற்றுச் சுற்றியது. மயில் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. கடித்த இடமெல்லாம் பலாவாசம்!

"புஸ்ஸ்! அத்தனையும் நடிப்பா!" என்று மாசானம் காலை உதைத்தார்.

இனிமேலாவது புரிந்துகொள்வார் என்று செதிலாயி நினைத்தாள். மாசானம் நன்றாகவே புரிந்துகொண்டார்!

"இன்னியிலிருந்து இந்தக் காட்டில் யாருக்கும் வலி கிடையாது! வலிக்குதுன்னு வாயைத் திறந்தா தண்ணி கட்! ஏய் அழுங்கு, முதல்ல நீ குழியில் இறங்கு!"

நடித்தவர்கள் செய்த தப்புக்கும் அவளுக்குத்தான் தண்டனை! செதிலாயி அவரை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குழியில் இறங்கினாள். ஊறியிருந்த தண்ணீரை வயிறு முட்டக் குடித்தாள். குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஊற்றின் வாயை அடைத்தபடி உருண்டையாகச் சுருண்டுவிட்டாள். அழுங்கு சுருண்டுவிட்டால் புலி வந்தாலும் பிரிக்க முடியாது.

"எந்திரி!"

"மாட்டேன்!" என்று ஓட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "எனக்கு வலிக்குதான்னு ஈயைக் கேட்டீங்க! முந்தின நாள் நான் பார்த்த வேலையைக் கேட்டீங்க! ஊர்ல உள்ளவங்க சித்தப்பாவையெல்லாம் கேட்டீங்க! இந்த மூணு வருஷத்துல என்னை ஒருத்தராவது கேட்டீங்களா? கேக்கிற வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்!"

மாசானம் கொம்பால் முட்டினார். கொம்புதான் வலித்தது. சடையனும் பன்றியும் வேறு இடத்தில் தோண்டினார்கள். மணல் சரிந்து சரிந்து குழியை மூடியது. ஈயைக் கூப்பிட்டார்கள்.

"புண் ஏதும் தென்படவில்லை!" என்றது ஈ.

"அதை யாருய்யா இப்பக் கேட்டா!" என்று எல்லாரும் எரிந்து விழுந்தார்கள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. நாக்கு எல்லாருக்கும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முயல்தான் மெல்லப் பேச்செடுத்தது.

"பெரியப்பா, அவளையே கேட்டுட்டா என்ன?"

"நான் போய்க் கேட்டா என் மரியாதை என்னாகும்?"

"கேக்காம இருந்தா நம்ம உசிர் என்னாகும்?"

மாசானம் முன்னங்காலை மடித்துக் குழியோரம் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"எங்கேம்மா வலிக்குது?"

செதில்கள் லேசாக அசைந்தன.

"தோள்ல ஆரம்பிக்கும். அப்படியே முழங்கை வரைக்கும் இறங்கும். உள்ளே கொள்ளிக்கட்டையை வச்சு ஊதற மாதிரி இருக்கும். வானம் மூட்டம் போட்டாக் கூடும். சில நாள் காரணமே இல்லாமக் கூடும். நல்லா இருக்கிற அன்னிக்கு, நாளைக்கு முடியாமப் போயிடுமோன்னு பயந்து நாளைய வேலையையும் சேர்த்துச் செய்வேன். அதனாலேயே மறுநாள் இன்னும் கூடிடும்..."

"அப்போ நீ என்ன செய்யணும்னா..." என்று மாசானம் ஆரம்பித்தார். முயல் அவர் குளம்பை மிதித்தது.

"கேளுங்க பெரியப்பா! சொல்லாதீங்க!"

அவள் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை. பேசுவதற்கு வாயில் ஈரம் இல்லாததும் ஒரு காரணம்.

"இது எப்பச் சரியாகும்?" என்று மாசானம் கடைசியில் கேட்டார்.

"தெரியாது. ஆகாமலே போனாலும் போகும்."

"நாங்க என்னதான் செய்யட்டும்?"

"முடியும்னு சொன்னா தோண்ட விடுங்க. முடியலைன்னு சொன்னா நம்புங்க. பிடிச்சு வச்சுச் சோதனை போடாதீங்க. எனக்கு அது போதும்."

மாசானம் தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு எங்க மேலதான் தாயி. நீ சொன்னா இனி அதுதான்."

செதிலாயி மெல்லப் பிரிந்து, குட்டியோடு கரையேறினாள். ஊற்றில் தண்ணீர் பொங்கி வந்தது. எல்லாரும் குடித்தார்கள். ஈக்கு அன்றோடு உத்தியோகம் போயிற்று. சடையனும் கூட்டாளிகளும் கோடை முடியும்வரை தினமும் ஆளுக்கு இரண்டு முறை தோண்டினார்கள்.

செதிலாயியின் வலி மட்டும் எங்கும் போகவில்லை. அவளும் முன்போல் நல்ல நாளில் மூன்று பேர் வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு செய்வதில்லை. தன் பங்கைத் தோண்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வாள். சில நாள் காலையில் வந்து, "இன்னிக்கு முடியலைண்ணே" என்பாள். "சரிம்மா, குடிச்சிட்டுப் போய்ப் படு" என்பார் மாசானம். யாரும் எந்தப் புண்ணையும் தேட மாட்டார்கள்.

ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால், அதற்கு ஊரெல்லாம் அத்தாட்சி தேடுவதை விட்டுவிட்டு முதலில் அவர் சொல்வதை நம்பிக் கேட்க வேண்டும்.