செம்பருத்தி தண்ணீர் குடிக்கவில்லை

வன்னியப்பெருமாள் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். ஐம்பது வயதில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்துகொண்டார். அவருடைய நெறியாளர் ஜெசிந்தா மேடம் அவரைவிடப் பல வயது இளையவர். அதனால் என்ன, குரு குருதான்.

அன்று காலை ஆய்வகத்துக்குள் நுழையும்போதே வாத்தியார் முகம் தொங்கிப்போயிருந்தது.

“மேடம், ரெண்டு மாசமா ஸ்கூலுக்கு லீவு போட்டு வீட்டுல உக்காந்து படிக்கேன். ஒண்ணும் தலையில ஏற மாட்டேங்கு. வயசாயிட்டோ?”

பயம் நியாயமானதுதான். தகுதித் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்டிருந்தார். அடுத்த வாரமும் அதே கதி என்றால் பதிவே ரத்தாகிவிடும்.

“எப்படிப் படிக்கீங்க?”

“கதவைச் சாத்திட்டுதான். போன் கிடையாது. யாரும் என்கிட்ட பேசக் கூடாதுன்னு வீட்டுல சொல்லிட்டேன்.”

ஜெசிந்தா மேசைமேல் இருந்த கண்ணாடிக் குழாயைக் காட்டினார்.

“ஒரு கிளை எவ்வளவு தண்ணி இழுக்குதுன்னு அளந்து சொல்லுங்க சார். பிறகு பேசுவோம்.”

வாத்தியாருக்கு இது கைவந்த வேலை. செம்பருத்திக் கிளையைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டினார். குழாயில் செருகி, இடுக்கில் வாசலின் தடவி, உள்ளே ஒரு காற்றுக்குமிழியை விட்டார். கிளை தண்ணீரை இழுக்க இழுக்கக் குமிழி அளவுகோலை ஒட்டி நகர வேண்டும். கிளை ஆடிக் கணக்கு கெட்டுவிடக் கூடாதே என்று மின்விசிறியை நிறுத்தினார். ஜன்னல்களை அடைத்தார். போதாக்குறைக்கு இலைகள்மேல் ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்துக் கட்டினார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்ததில்லை.

குமிழி தேமே என்று கிடந்தது.

டீ குடித்துவிட்டு வந்த ஜெசிந்தா எட்டிப் பார்த்தார்.

“கசிவு இல்ல மேடம். தண்ணியும் நிறைய இருக்கு. ஆனா குடிக்க மாட்டேங்கு. கிளை முத்தலோ?”

ஜெசிந்தா பையை அவிழ்த்தார். ஜன்னலைத் திறந்தார். விசிறியைப் போட்டார். அறைக்குள் வெயிலும் காற்றும் வந்தன.

சற்று நேரத்தில் குமிழி மெல்லக் கிளம்பியது. பிறகு நிற்கவேயில்லை.

வன்னியப்பெருமாளுக்கு அசடு வழிந்தது. இலை நீரை வெளியே விட்டால்தான் தண்டு கீழிருந்து இழுக்கும். வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவரே அவர்தான். தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். மேடமும் சிரித்தார்.

“சரி மேடம், செடி குடிக்குது. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலையே?”

“செடி சொன்னதுதான் பதில். உங்க ஒன்பதாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு இப்ப யாரு சார் பாடம் நடத்துறாங்க?”