நாற்பது மடங்கு ஸ்கோப்

“எந்த ஸ்கோப் வாங்கலாம், கோச்சம்மா?” என்று கேட்டார் பல் டாக்டர் குத்தாலிங்கம்.

நூருன்னிசா துப்பாக்கிக் குழலுக்குள் துணி விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“எதைப் பார்க்கணும், டாக்டர்?”

“நடுப்புள்ளியைத்தான்.”

“அது அங்கேயேதான் இருக்கு,” என்றாள் அவள்.

தென்காசியிலிருந்து பண்பொழிக்குப் போகிற வழியில், மலையை ஒட்டி இருந்தது அந்த ரைபிள் கிளப். நூருன்னிசா அங்கே பயிற்சியாளர். கடையநல்லூர்க்காரி. ஒரு காலத்தில் மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கியவள். டாக்டரைவிட ரொம்ப இளையவள்தான். ஆனாலும் கிளப்பில் எல்லோருக்கும் அவள் கோச்சம்மா. அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் பாதியில் நிறுத்திவிடுவாள். மீதியை அவரவர் வீட்டுக்குப் போய் முடித்துக்கொள்ள வேண்டும்.

குத்தாலிங்கம் ஐம்பதை நெருங்கியவர். நல்ல கை என்று ஊரில் பெயர். அவர் ஊசி போட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரிகூட இருக்காது என்பார்கள். போன வருடம் ஒரு சிநேகிதர் அவரைக் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு வந்தார். சிநேகிதர் பிறகு வரவே இல்லை. டாக்டர் ஒரு ஞாயிறும் விடவில்லை.

துப்பாக்கி கிளப்புடையது. அதன் மேல் பூட்டுகிற சின்னத் தொலைநோக்கிதான் ஸ்கோப். உள்ளே முடி போன்ற இரண்டு கோடுகள் கூட்டல் குறி மாதிரி குறுக்கே வெட்டும். அந்த இடத்தை ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையின் நடுவில் வைத்துச் சுட வேண்டும். கிளப்பில் இருந்தது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற பழைய ஸ்கோப். டாக்டருக்கு அது போதவில்லை.

நூருன்னிசா அதைப் பூட்டி அவரைப் பார்க்கச் சொன்னாள். ரொம்ப நேரம் பார்க்க வைத்தாள். புள்ளி தெளிவாகத் தெரியாமல் கண் தேடுகிறதா என்று கேட்டாள். இல்லை, ஆனால் எல்லாமே சின்னதாக இருக்கிறது என்றார் டாக்டர். சென்னையில் நாற்பது மடங்கு காட்டுகிற ஸ்கோப் கிடைக்கிறதாம். அதை வாங்கலாமா என்று கேட்டார்.

“வாங்குங்க,” என்றாள் நூருன்னிசா.

அவ்வளவு சுலபமாக அவள் சம்மதிப்பாள் என்று டாக்டர் நினைக்கவே இல்லை. அன்றைக்கே சொல்லி அனுப்பினார்.

புது ஸ்கோப் வந்த ஞாயிறு அவருக்குத் தீபாவளிதான். சுடுவதை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அட்டையின் ஓரத்தில் ஓர் எறும்பு ஏறியது. அதன் மீசை தெரிந்தது. பின்னால் மண்மேட்டில் முளைத்த தும்பைப் பூவில் பனித்துளி தெரிந்தது. பக்கத்தில் சுட வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நூருன்னிசாவும் வந்து பார்த்தாள். நல்ல எறும்பு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு டாக்டர் சுடுவதற்குக் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்தார்.

குறுக்குக் கோடு துள்ளியது.

மூச்சை அடக்கினார். துள்ளியது. பிடியை இறுக்கினார். இன்னும் துள்ளியது. பழைய ஸ்கோப்பில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

ஒரு குண்டு சுட்டார், இடப்பக்கம் போனது. குண்டு விழுகிற இடத்தை மாற்றுகிற ஸ்கோப்பின் திருகை வலப்பக்கம் திருப்பினார். அடுத்தது மேலே போனது. மேல் திருகைக் கீழே இறக்கினார். அடுத்தது அட்டையிலேயே இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு திருகல். மதியத்துக்குள் அட்டை சல்லடை ஆகிவிட்டது. நடுப்புள்ளி மட்டும் புதுசாக இருந்தது.

கார் ஸ்டியரிங்கில் கையை வைத்தபோது குத்தாலிங்கத்துக்கு அவர் அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா ஆறுமுகநயினார் பத்திர எழுத்தர். அச்சு மாதிரி கையெழுத்து. ஐம்பது வயதுக்கு மேல் அந்த எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. மடியில் சும்மா கிடக்கிற கை, தானாக, எதையோ உருட்டுகிற மாதிரி நடுங்கும். கடைசிக் காலத்தில் அம்மாதான் ஊட்டிவிட்டாள். அந்த வியாதியைப் பற்றி டாக்டர் படிக்காதது இல்லை. அப்பாவுக்கு வந்தது மகனுக்கும் வந்தே தீரும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. படித்தது ஒரு பக்கம் இருக்கட்டும். பயம் அவருக்குத் தனியாக இருந்தது.

மறுநாள் கிளினிக்கில் ஒரு பையனுக்குப் பல் வேர்ச் சிகிச்சை. ஊசியை எடுத்தவர் தன் விரலையே பார்த்தார். ஆடுகிறதா, ஆடவில்லையா? பார்க்கப் பார்க்க ஆடுவது போலத்தான் இருந்தது. வைத்துவிட்டார். திருநெல்வேலியில் நல்ல டாக்டர் இருக்கிறார், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகு வந்தவர்களையும் அப்படியே அனுப்பினார். பல்லைச் சுத்தம் செய்வது, மாத்திரை எழுதுவது, இரண்டோடு சரி. மனைவி சிவகாமி என்னவென்று கேட்டாள். களைப்பு என்றார். கிளினிக்கை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடலாமா என்று ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார். சிவகாமி சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டாள்.

ஞாயிறுகளில் மட்டும் கிளப்புக்குப் போனார். தைரியத்தால் போகவில்லை. நடுக்கம் கூடியிருக்கிறதா என்று அந்த ஸ்கோப்பில் பார்ப்பதற்காகப் போனார். பயத்தோடு பார்ப்பவருக்கு அது கூடித்தான் தெரிந்தது.

சாரல் ஆரம்பித்த ஒரு காலையில், ஸ்கோப்பைப் பெட்டியோடு கொண்டுபோய் நூருன்னிசாவின் மேசையில் வைத்தார்.

“இது கிளப்புக்கு இருக்கட்டும், கோச்சம்மா. இனிமே நான் வரமாட்டேன்.”

அவள் காரணம் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். அப்பாவைப் பற்றிச் சொன்னார். கிளினிக்கைப் பற்றிச் சொன்னார். இந்த ஸ்கோப் இல்லாமல் போயிருந்தால் தனக்குத் தெரிந்தே இருக்காது, ஒருவகையில் அதற்கு நன்றிதான் சொல்ல வேண்டும் என்றார். வேறு யார் காதிலும் இதை அவர் போட்டதில்லை.

நூருன்னிசா பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

“துப்பாக்கியில மாட்டுங்க.”

“கொடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்.”

“மாட்டிக் கொடுத்துட்டுப் போங்க.”

மாட்டினார். துப்பாக்கி காலியாக இருப்பதை அவள் பார்த்தாள். அவரையும் பார்க்கச் சொன்னாள். பிறகு மணல் பைகளின் மேல் அதைக் கிடத்தி, அட்டையின் நடுவுக்கு நேராகத் திருப்பி வைத்தாள். அவரை உட்காரச் சொன்னாள். கையை எடுக்கச் சொன்னாள். தோளையும் விலக்கச் சொன்னாள்.

“கண்ணை மட்டும் வைங்க.”

வைத்தார்.

குறுக்குக் கோடு நடுப்புள்ளியில் ஆணி அடித்தாற்போல் நின்றது.

“ஆடுதா?”

“இல்லை.”

“நல்லா நிக்குதா?”

“இப்படி நின்னு நான் பார்த்ததே இல்லை, கோச்சம்மா.”

“அப்பச் சுடச் சொல்லுங்க.”

டாக்டர் தலையைத் தூக்கினார். சுடுகிற வரிசையில் வேறு ஆள் இல்லை. மழைக்குப் பயந்து யாரும் வரவில்லை.

“யாரைச் சொல்ல?”

அவள் பிளாஸ்க்கைத் திறந்து தனக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக்கொண்டாள். மலையிலிருந்து ஒரு சாரல் இறங்கி, தகரக் கூரையைத் தட்டிவிட்டுப் போனது.

பாதி டம்ளர் குடித்தபிறகு, இப்போது பை மேல் கிடந்தபடியே துப்பாக்கியை எப்போதும் போலத் தோளோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

சேர்த்தார். கோடு துள்ள ஆரம்பித்தது. அவர் முகம் சுருங்கியது.

“பார்த்தீங்களா?” என்றார்.

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே பார்க்கிறீங்க. அது துள்ளுற ஒவ்வொரு தடவையும் ‘ம்’னு சொல்லுங்க.”

“எதுக்கு?”

“சொல்லுங்க.”

“ம்,” என்றார் டாக்டர். “ம்... ம்... ம்...”

கதைக்கு ‘உம்’ கொட்டுகிற பிள்ளை மாதிரி இருந்தது. அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னார். நூருன்னிசா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நிறுத்தாதீங்க. இடது கை சும்மாதானே இருக்கு? ரெண்டு விரலைத் தொண்டைக்குப் பக்கத்துல வைங்க. நாடி பார்ப்பீங்கல்ல, அங்க.”

கண்ணை எடுக்காமல் டாக்டர் விரலை வைத்தார்.

“ம்... ம்... ம்...”

அதற்குப் பிறகு அவர் ‘ம்’ சொல்லவில்லை.

விரலுக்கு அடியில் ஒரு துடிப்பு. கண்ணுக்கு எதிரே ஒரு துள்ளல். விரல் கொஞ்சம் நின்றால் கோடும் கொஞ்சம் நின்றது. விரலில் தட்டினால் கோடும் துள்ளியது. முன்னே பின்னே இல்லை. படிக்கிற காலத்திலிருந்து எத்தனையோ பேருக்கு நாடி பார்த்த விரல்கள் அவை.

மூச்சை மெதுவாக விட்டார். துடிப்பு நிதானப்பட்டது. கோடும் நிதானப்பட்டது.

குத்தாலிங்கம் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க. சிரித்த சிரிப்பில் கோடு அட்டையை விட்டு, மண்மேட்டை விட்டு, மலைக்கே போய்விட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். துடைக்கத் துடைக்க வந்தது.

“எல்லாருக்கும் இப்படித்தானா, கோச்சம்மா?”

“மௌத்தாகி மண்ணுக்குள்ள போனவங்களுக்கு ஆடாது, டாக்டர்.”

டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டு, அவள் குண்டுப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். ஐந்து சுடுங்கள், திருகில் கை வைக்கக் கூடாது என்றாள்.

முதல் குண்டு கீழே இடப்பக்கம் விழுந்தது. டாக்டரின் கை பழக்கத்தில் திருகுக்குப் போனது. நூருன்னிசா தொண்டையைக் கனைத்தாள். கை திரும்பி வந்தது.

இரண்டாவதும் அங்கேயே விழுந்தது. மூன்றாவது அதற்குப் பக்கத்தில். நான்காவது எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. இரண்டாவதன் துளைக்குள்ளேயே போயிருந்தது. கோடு துள்ளிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதை விரட்டவில்லை. ஒரு துள்ளலுக்கும் அடுத்த துள்ளலுக்கும் நடுவே ஓர் இடம் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் ஊஞ்சல் ஆடுகிறபோதே அதில் ஏறி உட்காருகிற மாதிரி, ஐந்தாவதை அந்த இடத்தில் விட்டார்.

அட்டையை எடுத்துவந்து பார்த்தார்கள். ஐந்தும் ஒரு புளியங்கொட்டைக்குள் அடங்கும். நடுவில் ஒன்றுகூட இல்லை.

“எல்லாமே தப்பு,” என்றார் டாக்டர். ஆனால் பொங்கல் பானையைப் பார்க்கிறவர் மாதிரிதான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சும் சரி,” என்றாள் அவள். “இப்பத் திருப்புங்க.”

மேல் திருகைக் கொஞ்சம், பக்கத் திருகைக் கொஞ்சம் திருப்பினார். ஒவ்வொரு சொடுக்கும் விரலில் கேட்டது. புது அட்டை வைத்தார்கள். அவர் உட்கார்ந்தார்; கன்னத்தைப் பதித்தார்; அவசரப்படவில்லை.

சுட்டார்.

போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நாற்பது மடங்கில் நடுப்புள்ளியைக் காணோம். அந்த இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. அதன் வழியாகப் பின்னால் இருந்த செம்மண் தெரிந்தது.

டாக்டர் எழுந்து வரிசை முழுக்க ஒரு நடை போய்வந்தார். சொல்ல ஆளில்லாததால் சிவகாமிக்குப் போன் போட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல், சாரல் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் அருவிக்குப் போகலாமா என்று கேட்டார். அந்தப் பக்கம் சிவகாமி அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, போகலாம், மழைக்கோட்டெல்லாம் வேண்டாம், நனையத்தானே போகிறோம் என்றாள்.

போனை வைத்துவிட்டு வந்தவர், துப்பாக்கியை ஒப்படைக்கிற இடத்தில் நின்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. அதற்கு அடியில் சின்னதாக ஒரு முள்ளும் இருந்தது.

“துப்பாக்கி சரி, கோச்சம்மா. கிளினிக் வேற இல்லையா? அங்கே இருக்கிறது அட்டை இல்லை. ஒரு மனுஷனோட வாய். நாளைக்கே ஒருத்தர் வந்து உட்கார்ந்தா, நான் ஊசியை எடுக்கலாமா? யார் நம்பி வாயைத் திறப்பாங்க?”

நூருன்னிசா துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மழை உள்ளே அடிக்காமல் ஜன்னலைச் சாத்தினாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“வலது பக்கம், கடைவாய், கீழே. நோன்பு முடிஞ்சதுல இருந்து வலி, டாக்டர். ராத்திரி தூக்கமே இல்லை. வந்தா நீங்க திருநெல்வேலிக்கு அனுப்பிருவீங்கன்னு ஊர்ல சொன்னாங்க. அதான் பொறுத்துக்கிட்டு இருந்தேன்.”

அவள் வெளியே போய் டாக்டரின் கார் அருகில், சாரலில் நின்றாள்.

“கிளினிக் சாவி கையில இருக்கா?”